கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம்?

ஐந்தா. சந்தோஷம். ஐந்து மாதத்தில் வாலிபால் பார்க்கக் கிளம்பிவிட்டது. நான் முதல் ஆட்டம் பார்க்கும்போது எனக்குப் பதினொரு வயது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் மந்தம்.

எப்படித் தெரியும் என்றா பார்க்கிறீர்கள்? உங்கள் பனியனில் முதுகு முழுக்கப் பந்து. பிள்ளைக்கும் அதே பனியன், அதே நம்பர். இந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் ஆலடிக்குறிச்சிக்கு அதற்குத்தான் போகிறார்கள். நானும் அங்கேதான். ஜன்னலோரம் தூங்குவது உங்கள் வீட்டுக்காரியா? தூங்கட்டும், பாவம். நான் மெதுவாகவே பேசுகிறேன். மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தைந்து வருஷம் விசில் ஊதிய வாய் இது.

ஆமாம், ரெஃப்ரி. பெயர் தங்கப்பழம். உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் அப்பாவைக் கேளுங்கள், மேலநெடுவிளை தங்கப்பழம் என்றால் தெரிகிறதா என்று. வேலை கூட்டுறவுச் சங்கத்தில், கிளார்க். சனி, ஞாயிறு விசில். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கிலீஷ் ரூல் புத்தகத்தைப் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவன். ரூலில் சந்தேகம் என்றால் மூன்று மாவட்டத்திலிருந்து எனக்குப் போன் வரும். இப்போதும் வரும். வந்துகொண்டிருந்தது, மூன்று வாரத்துக்கு முன்னால் வரை.

மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் போகிறேன். என்னால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று என்கிறார்கள். வேலை போகவில்லை. வேலை கிடைப்பதற்கு இருந்த ஒரு ஆட்டம் போயிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, யாருக்கும் விளங்கவில்லை. நீங்கள் வெளியாள். முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது ஆலடிக்குறிச்சிக்கு.

முதலில் பிள்ளைகள் விஷயம். எங்கள் ஊரில் வருஷா வருஷம் மே மாதம் போட்டி. பள்ளிக்கூட மைதானம். நான்கு மூலையிலும் நான்கு ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் பீரோ அளவு. முதல் சர்வீஸுக்கு முன்னால் பத்தாயிரம் வாலா சரம் ஒன்று கொளுத்துவார்கள், கோட்டுக்குப் பக்கத்திலேயே. புகை அடங்க ஐந்து நிமிஷம் ஆகும், யாருக்கும் வலை தெரியாது. அப்புறம் செண்டை. கேரளாவிலிருந்து இறக்கிய செண்டை. வர்ணனைக்காரன் மைக்கை வாயில் வைத்துக்கொண்டு கத்துவான். கடித்துத் தின்றுகொண்டே பேசுகிறான் என்று தோன்றும். எல்லாம் எதற்கு? ஒரு பந்து வலைக்கு அந்தப் பக்கம் விழுந்ததற்கு.

இதற்கு நடுவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று மாதம், ஆறு மாதம், நாற்பது நாள் ஆகாதது கூட ஒன்று வந்தது. கேட்டால், 'இப்பவே பழகட்டும் சார்' என்பார்கள். என்ன பழகட்டும்? காது கேட்காமல் இருக்கவா? ஒருத்தன் பிள்ளையின் கன்னத்தில் அணிக் கொடியை வரைந்து தூக்கி வந்தான். பிள்ளை அந்த அணிக்காரனாம். தாய்ப்பாலைத் தவிர எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாத வயதில் அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டதாம். இன்னொருத்தன் சரம் வெடிக்கும்போது பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான், நன்றாகத் தெரியட்டும் என்று. பிள்ளை இரண்டு கையையும் விரித்து விறைத்துப்போயிற்று. அவன் சொன்னான், 'பாருங்க, குதிக்கான்' என்று.

நீங்கள் அப்படியில்லை, தெரிகிறது. பையில் பஞ்சு வைத்திருக்கிறீர்களா? நல்லது. பஞ்சு வைத்துக்கொண்டு சத்தத்துக்குப் போகிறீர்கள். குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்குவது மாதிரி. சரி, சரி. முறைக்காதீர்கள்.

இந்த வருஷம் விழாக்குழு என்னைக் கேட்டில் நிற்கச் சொன்னது. வயதாகிவிட்டது, மேலே ஏறி நின்று விசில் ஊத முழங்கால் விடவில்லை. அதனால் கேட். நான் சும்மா நிற்கிற ஆள் இல்லை. ஒரு பலகை வாங்கி, வெள்ளை அடித்து, சிவப்பில் என் கையாலேயே எழுதினேன். 'கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு, விழாக்குழு.' விழாக்குழுவைக் கேட்டீர்களா என்றால், கேட்கவில்லை. விழாக்குழுவில் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரைக் கேட்டால் பதினெட்டுப் பலகை எழுத வேண்டும்.

முதல் நாள் இருபத்திரண்டு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொருவருக்கும் காது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிச் சொன்னேன். பின்னால் வரிசை தேர் மாதிரி நின்றது. சில அப்பன்மார் பிள்ளையை மனைவி கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் மட்டும் உள்ளே போனார்கள். நல்ல ஏற்பாடு. யாருக்கும் நஷ்டமில்லை. நான் அவர்களைத் தட்டிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். எனக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றையாவது மைதானத்துக்குக் கொண்டுவந்தது உண்டா? கேளுங்கள், ஒரே ஒரு தடவை. அதையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பீர்கள்.

மூத்தவனுக்கு அப்போது ஆறு மாதம் இருக்கும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடப் பெண்களுக்கான மாவட்டப் போட்டி. நான் மேலே நாற்காலியில். இரண்டாவது செட் நடக்கிறது. பார்த்தால் கூட்டத்துக்கு முன்னால், கோட்டுக்குப் பக்கத்தில் என் மனைவி. கமலபுஷ்பம் என்று பெயர். இடுப்பில் பிள்ளை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒரு விசில் ஊதினேன், பிள்ளை வீறிட்டது. மறுபடி ஊதினேன், மறுபடி வீறிட்டது. ஆடுகிற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 'ரெஃப்ரிக்கு ரெண்டு விசில் டோய்' என்று ஒருத்தன் கத்தினான். ஒரு ரெஃப்ரிக்கு இதைவிட என்ன கேவலம் வேண்டும்?

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். அவள் பக்கம் திரும்பி, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கார்டையும் சிவப்புக் கார்டையும் சேர்த்து எடுத்து, ஒரே கையில் உயர்த்திக் காட்டி, வெளியே போகும் வழியை மற்றக் கையால் காட்டினேன். மைதானம் அதிர்ந்துபோயிற்று. கைதட்டல் நிற்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. இன்றைக்கும் பாளையங்கோட்டையில் பழைய ஆட்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் போய்விட்டாள். அப்புறம் ஒரு மைதானத்துக்கும் வந்ததில்லை. வா என்று நான் ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டேன், எங்கள் ஊரிலேயே நடக்கும்போது. 'வேல கெடக்கு' என்பாள். ரூலை எவ்வளவு மதித்தவள் பாருங்கள். அதிலும் அவளுக்கு ரூல் சரியாகத் தெரியாது. இரண்டு கார்டையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டினால் அந்த செட்டுக்கு மட்டும்தான் வெளியே. தனித்தனிக் கையில் காட்டினால்தான் ஆட்டம் முடியும்வரை. நான் சேர்த்துத்தான் காட்டினேன். அவள் அதை இருபத்தைந்து வருஷத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு எதற்கு வந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஆடியது அவள் படித்த பள்ளிக்கூடத்து அணி. அவளும் அதில் ஆடியவள்தான் என்று பெண் பார்க்கப் போனபோது யாரோ சொன்ன ஞாபகம். கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் சாப்பாடு போட்டாள், சாப்பிட்டேன், மறந்துவிட்டது. இப்போது கேட்க முடியாது. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

என்ன? இல்லை, அழவில்லை. ஜன்னல் காற்று. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், பிள்ளைக்கும் நல்லது.

எங்கே விட்டேன்? கேட். இரண்டாம் நாள். அன்றைக்குத்தான் பெண்கள் பிரிவு காலிறுதி. அன்று மட்டும் முன்வரிசையில் நான்கு நாற்காலி தனியாகப் போட்டிருந்தார்கள். ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு அணியிலும் இடம், ஆபீஸிலும் வேலை. இந்தப் பக்கத்தில் பந்து பிடிக்கிற ஒவ்வொரு பெண்ணும் அந்த நான்கு நாற்காலிக்காகத்தான் ஆடுகிறாள்.

மூன்றரை மணி இருக்கும். ஒருத்தி வருகிறாள். சுடிதார், மேலே ஒரு துண்டு, துண்டுக்குள்ளே பிள்ளை. தோளில் பெரிய பை. வேர்த்து வழிகிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். நான் பலகையைக் காட்டினேன்.

அவள் படித்தாள். 'சார், நான் டீம்' என்றாள்.

நான் கேட்டேன், 'எந்த டீம்? பால்வாடி டீமா?' வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நல்ல பேச்சுத்தானே? இப்போது அதையும் குற்றமாகச் சொல்கிறார்கள்.

'கீழச்செம்பூர் டீம் சார். எம்பேரு பேச்சியம்மா. நாலு மணிக்கு ஆட்டம்' என்றாள். அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புருஷன் லாரியில் வடக்கே போயிருக்கிறான். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற மாமியாருக்குக் காலையிலிருந்து காய்ச்சல். காலை ஆட்டத்தை மற்ற ஆறு பேரும் ஆடிவிட்டார்கள், அதில் ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. இனி இவள் இல்லாவிட்டால் ஐந்து பேர்தான். அதோடு இவளுக்கு வேலைக்கான வயது வரம்பு இந்த ஜூலையோடு முடிகிறது.

நான் நியாயமாகத்தான் பேசினேன். 'ஆடும்மா, தாராளமா ஆடு. உன்னைத் தடுத்தேனா? பிள்ளை உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான்' என்றேன்.

'பிள்ளய எங்க விடட்டும் சார்?'

அது என் கேள்வி இல்லையே. ரூலை எழுதுகிறவன் அதற்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டா எழுதுவான்? உள்ளே போய்க் கேப்டனைக் கூப்பிட்டுவிடுங்கள் என்றாள். கேட்டை விட்டு நகர எனக்கு அனுமதி இல்லை. போன் போட்டுப் பார்த்தாள், உள்ளே ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? போகிறவர்களிடமெல்லாம், 'செல்சியா அக்காட்ட சொல்லிருங்க, பேச்சி வெளிய நிக்கான்னு' என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே போனதும் செண்டை. யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள். 'சார், நீங்க ஒரு மணி நேரம் வச்சிருக்கியளா? பால் குடிச்சிட்டான். அழமாட்டான்.'

என்னைப் பார்த்து. நாற்பது பேருக்கு முன்னால். 'நான் ரெஃப்ரிம்மா. ஆயா இல்ல' என்றேன்.

அவள் ஒரு எட்டு உள்ளே வைத்தாள். நான் விசிலை எடுத்து ஊதினேன். பழக்க தோஷம். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை உடம்பெல்லாம் தூக்கிப்போட்டு அலறிற்று. அலறல் என்றால் அலறல். 'பாத்தியா, சத்தத்துல பிள்ளை எப்படிப் பயப்படுதுன்னு. இதுக்குத்தான் சொல்லுதேன்' என்றேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டி, எதிரில் இருந்த வேப்பமரத்தடியில் போய் நின்றாள். அங்கிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மணிக்கு மைக்கில் அழைப்பு. 'கீழச்செம்பூர் அணி உடனடியாகக் களத்துக்கு வரவும்.' ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது அழைப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரம் என்றால் என்னவென்று தெரியாது என்று பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது செயலாளர் அருணாசலபாண்டி ஓடி வந்தான். விழாக்குழுச் செயலாளர், எனக்குத் தம்பி முறை. 'அண்ணாச்சி, கீழச்செம்பூர்ல அஞ்சு பேருதான் நிக்காவ. அஞ்சு பேர வச்சு ஆட விடலாமா? ரூல் என்ன சொல்லுது?'

ரூல் என்ன சொல்கிறது என்று கேட்டால் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிடும். 'ஆறு பேர் இல்லாட்டி அது அணியே இல்ல. இன்னும் பத்து நிமிஷம் பாரு. வரலன்னா எதிரணிக்குக் குடுத்துரு' என்றேன். அவன் ஓடினான்.

தம்பி, நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. ஆறாவது ஆள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். முப்பது அடி தூரத்தில் நிற்கிறாள். தெரியும். ஆனால் அவன் என்ன கேட்டான்? ரூல் என்ன என்று கேட்டான். ரூலைச் சொன்னேன். ஆள் எங்கே என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என் பழக்கம் இல்லை.

பத்து நிமிஷம் என்றால் ஒரு ரெஃப்ரிக்கு என்ன கணக்கு? அறுநூறு நொடி. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அவளும் அங்கேயே நின்றாள். நான் கையசைத்திருந்தால் ஓடி வந்திருப்பாள். பிள்ளையை அந்தப் போலீஸ்காரர் கையில்கூடக் கொடுத்திருக்கலாம், நல்ல மனுஷர். எனக்கு அப்படியெல்லாம் தோன்றியது. தோன்றுவதையெல்லாம் செய்தால் அப்புறம் பலகை எதற்கு?

மூன்றாவது அழைப்பு. அப்புறம் வர்ணனைக்காரன் எதிரணி அரையிறுதிக்குப் போய்விட்டது என்று அறிவித்தான். அப்போதுதான் செல்சியா, அந்த அணிக் கேப்டன், காலில் ஷூவோடு கேட்டுக்கு ஓடி வந்தாள். வெளியே பார்த்தாள். வேப்பமரத்தைப் பார்த்தாள். என் பலகையைப் பார்த்தாள். அவள் என்னைப் பேசிய பேச்சை உங்கள் பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாது, பஞ்சு வைத்தாலும் கேட்கும். பதினெட்டுப் பேர் விழாக்குழுவும் வந்தது. 'எவன்வே இந்தப் பலகைய வச்சது?' என்று ஒருத்தன் கேட்டான். கீழே 'இப்படிக்கு விழாக்குழு' என்று தெளிவாக எழுதியிருக்கிறது, படித்துப் பார்க்க மாட்டானா?

அந்தப் பேச்சி மட்டும் கத்தவில்லை. ரோட்டைத் தாண்டி வந்து எனக்கு முன்னால் நின்றாள். பிள்ளை தோளில் மறுபடி தூங்கிவிட்டது. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

'சார், நீங்க விசில் ஊதப் போறப்ப ஒங்க பிள்ளயள யாரு வச்சிருந்தா?'

இது ஒரு கேள்வியா? ரூலைப் பற்றிய பேச்சில் இதற்கு என்ன இடம்? 'அது வேற விஷயம்' என்றேன். அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

மறுநாள் நான் கேட்டுக்குப் போனபோது வேறு ஒருத்தன் நின்றான். எனக்கு ஓய்வாம். முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் ஓய்வு. என் பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் 'கழிப்பறை' என்று எழுதி அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்கள். அதிலும் எழுத்துப்பிழை. உள்ளே பார்த்தால் கைக்குழந்தைகள் திருவிழா. எல்லார் காதுக்கும் பக்கத்தில் ஸ்பீக்கர். நான் சொன்ன விஷயம் சரிதானே தம்பி? சத்தம் குறைந்துவிட்டதா? பிள்ளைக் காது கெட்டியாகிவிட்டதா? விஷயம் சரி. அதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை யோசித்தேன். வேறு வேலை இல்லை. யார் வைத்திருந்தார்கள்? கமலபுஷ்பம் வைத்திருந்தாள். சரி. அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது? அப்போதும் அவள்தான். இரண்டாவது பிள்ளையைப் பெறப் போனபோது மூத்தவனை? யோசித்துப் பார்க்கிறேன், அன்றைக்கு நான் காரைக்குடியில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். அணிகள் பெயர், எத்தனை பாயின்ட், யார் கடைசி சர்வீஸ் போட்டான், எல்லாம் சொல்வேன். மூத்தவன் எங்கே இருந்தான் என்பது மட்டும் தெரியவில்லை. அவனுக்கே போன் போட்டுக் கேட்டேன், கோயம்புத்தூரில் இருக்கிறான். 'எனக்கு அப்ப ரெண்டு வயசுப்பா, எனக்கு எப்படித் தெரியும்? நீங்கல்ல சொல்லணும்' என்றான்.

இரண்டு வாரம் கழித்து அருணாசலபாண்டியிடம் கெஞ்சி அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கினேன். 'மன்னிப்புக் கேக்கப் போறியளா அண்ணாச்சி?' என்றான். மன்னிப்பா? எதற்கு? ரூலுக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? நான் வேறு விஷயமாகப் பேச வேண்டும் என்றேன்.

போன் போட்டேன். 'நான் தங்கப்பழம். அன்னைக்குக் கேட்டுல நின்னவன்' என்றேன். வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

ஆலடிக்குறிச்சியில் இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி, அதே நான்கு நாற்காலிக்காரர்கள் அங்கேயும் வருகிறார்கள், ஜூலைக்கு முன்னால் கடைசிப் போட்டி, உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும் சார் என்றாள். மாமியாருக்கு இன்னும் எழுந்து நடமாட முடியவில்லை, நான் வரவில்லை என்று செல்சியா அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்றாள்.

'பிள்ளைய நான் வச்சிருக்கேன்' என்றேன்.

நானே சொன்னேன். மைதானத்துக்குத் தெற்கே நூலகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும், வராந்தாவில் நிழல் உண்டு, ஸ்பீக்கர் சத்தம் அவ்வளவு எட்டாது, நேற்றே பஸ்ஸில் போய்த் தூரத்தை அளந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பிள்ளை மைதானத்துக்குள் வராது, ஆகவே என் ரூலும் உடையாது, நீ ஆடலாம்.

'ஒங்களுக்குப் பிள்ள வைக்கத் தெரியுமா சார்?' என்றாள்.

'மூணு பிள்ளை பெத்தவன்ம்மா.'

'பெத்ததக் கேக்கல.'

பாருங்கள், என்ன வாய். வலைக்கு மேலே எம்பி அடிக்கிறவள் அல்லவா, போனிலும் அப்படித்தான் அடிக்கிறாள். நான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சரி, வாங்க, பாப்போம் என்றாள். 'நீங்க தூக்குறதப் பாத்துட்டுத்தான் நான் உள்ள போவேன். சரியில்லன்னா நான் ஆடல' என்றும் சொன்னாள். அதாவது தம்பி, இன்றைக்குப் பத்தரை மணிக்கு நூலக வராந்தாவில் எனக்குப் பரீட்சை. தேர்வாளர் அவள். நான் தோற்றால், கால் பிசகியவளும் இல்லாமல், மறுபடியும் ஐந்து பேர். அதற்கு மேல் என்ன ஆகும் என்று ரூல் தெரிந்தவன் நானே சொல்ல வேண்டுமா?

இல்லை, நான் பயப்படவில்லை. ஃபைனலில் பத்தாயிரம் பேருக்கு முன்னால் தீர்ப்புச் சொன்னவன். ஆனால் உங்களைப் பஸ் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன். இந்தப் பிள்ளை ஒரு தடவை சிணுங்கிற்று, நீங்கள் அம்மாவை எழுப்பவில்லை. தோளை மாற்றிப் போட்டீர்கள். முதுகில் ஏதோ செய்தீர்கள், தட்டலும் இல்லை, தடவலும் இல்லை, ஏப்பம் விட்டது, தூங்கிவிட்டது. ஆண்பிள்ளை இதெல்லாம் செய்வதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தானாகவா? அகராதிகூட இல்லாமலா?

அதனால் அந்தத் தீர்ப்பை அப்புறம் சொல்லலாம். அவசரமில்லை. இப்போது அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் என்னிடம் கொடுங்கள். கையைக் கழுவித்தான் பஸ் ஏறினேன், பாருங்கள். பேச்சியின் பிள்ளைக்கும் இதே ஐந்து மாதம்தான். கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும், அது எனக்குத் தெரியும், எங்கேயோ படித்தேன்.

சிரிக்காதீர்கள். ஏன் வேண்டாம்? கழுத்து நின்றுவிட்டதா? ஐந்து மாதத்தில் நின்றுவிடுமா? எந்த மாதத்தில் நிற்கும்?

அப்படியா. எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்கும் நின்றிருக்கும், இல்லையா? நான் வீட்டுக்கு வந்து பார்க்கும்போதெல்லாம் நின்றுதான் இருந்தது.

சரி, கொடுங்கள். மெதுவாக. எந்தக் கை கீழே வர வேண்டும்?